பதினேழாம் காது

கப்பலில்
பிப்ரவரி 3

அன்பு மருமகளே,

உலகத்தில் ஒருவரும் நம்பப்போவதில்லை என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்த ஒரு கதையை, முழு உடல்நலத்துடனும் ஓரளவு சுயபுத்தியுடனும் இன்று முதல் உனக்கு எழுதத் தொடங்குகிறேன். நம்பாதே. நம்பினால் எனக்குத்தான் அவமானம். இங்கே நான் சௌக்கியம், கப்பல் சௌக்கியம், கடலுக்கு மட்டும் கொஞ்சம் வாயுத்தொல்லை. உன் தலைவலியும் அக்காவின் முழங்காலும் எந்த நிலவரத்தில் இருக்கின்றன என்று உடனே எழுது.

நான் இருக்கும் இடத்துக்கு நேர் கீழே, இரண்டரை கிலோமீட்டர் தண்ணீருக்கு அடியில், ஒரு பீடபூமி படுத்திருக்கிறது. ஒரு நாட்டையே தூக்கி வைக்கலாம், அவ்வளவு பெரிது. நீயும் நானும் அக்காவின் கோபமும் பிறப்பதற்குப் பல கோடி வருஷம் முன்னால், பூமிக்கு வயிறு கலங்கி, உள்ளே இருந்த நெருப்புக் குழம்பெல்லாம் ஒரே மூச்சில் வெளியே வந்து உறைந்த இடம். மற்ற இடங்களில் கடலடிப் பாறை ஏழு கிலோமீட்டர் கனம்தான். இங்கே எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. இருபது என்கிறது ஒரு கட்சி, முப்பத்தைந்து என்கிறது இன்னொரு கட்சி. இந்தச் சண்டையைத் தீர்த்துவைக்கத்தான் என்னை வருந்தி அழைத்திருக்கிறார்கள். கூடவே நாற்பது பேர் சும்மா வந்திருக்கிறார்கள்.

தர்பூசணி வாங்குகிறவர் என்ன செய்கிறார்? தட்டிப் பார்த்துக் காதைக் கொடுக்கிறார். நாங்களும் அதேதான். கப்பலின் வாலில் காற்றுத் துப்பாக்கிகளைக் கட்டி இழுத்துக்கொண்டு நிமிடத்துக்கு ஒரு வேட்டு போடுவோம். அந்தச் சத்தம் பாறைக்குள் இறங்கி, அடியைத் தொட்டு, வளைந்து திரும்பும். திரும்புவதைக் கேட்கக் கடலடியில் காது வேண்டும் அல்லவா? முப்பது காதுகள் கொண்டுவந்திருக்கிறோம். தடித்த கண்ணாடி உருண்டை, ஆரஞ்சு நிறத் தொப்பி, காலுக்கு இரும்புச் செருப்பு. செருப்பின் கனத்தில் முங்கும். கூப்பிட்டால் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு மேலே வரும். அந்த முப்பது காதுகளுக்கும் சக்கரவர்த்தி உன் மாமா.

எங்கள் தலைமை ஆய்வாளர் ஓர் அம்மையார். கணக்கைத் தவிர எதையும் நம்பாதவர் என்பதால் கணக்கம்மா என்று பட்டம் சூட்டியிருக்கிறேன், முதுகுக்குப் பின்னால். இந்தக் கப்பலுக்காக ஒன்பது வருஷம் விண்ணப்பம் போட்டவராம். நேற்று என்னிடம் வந்து, "முப்பதுல இந்தப் பதினேழுதாங்க உசுரு. மேட்டோட நட்டநடுவுல உக்காருது. அடி எங்க இருக்குன்னு அதுதான் சொல்லணும். பாத்து இறக்குங்க" என்றார். "தொட்டில்ல புள்ளைய விடற மாதிரி விடறேங்க" என்றேன். விட்டேன். போய்ச் சேர்ந்ததும் கையசைத்தது.

செயற்கைக்கோள் வழியாக ஆளுக்கு வாரம் ஒரு கடிதம்தான், படம் கூடாது. அக்காவுக்கு என் வணக்கத்தைச் சத்தமாகச் சொல்.

இப்படிக்கு,
கடலடிக் காதுகளின் சக்கரவர்த்தி (உன் மாமா)

---

வீட்டிலிருந்து
பிப்ரவரி 11

அன்புள்ள மாமாவுக்கு,

நானும் அம்மாவும் நலம். தலைவலி போன மாதமே போய்விட்டது. முழங்கால் தரையில் நன்றாக இருக்கிறது, மாடிப்படியைப் பார்த்தால்தான் வலிக்கிறது. உங்கள் உடம்பு எப்படி? கடலின் உடம்பு வேண்டாம், உங்களுடையது.

கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். "பத்துல ஒண்ண எடுத்துக்கோ, அதையும் பாதியா கிள்ளிக்கோ" என்றாள். அப்புறம் ஒரு கேள்வி கேட்டாள், அதை அப்படியே எழுதுகிறேன்: "கப்பல்ல போன் இருக்கில்ல? போன தடவ ஞாயித்துக்கிழம தவறாம பேசினான். இந்தத் தடவ கிளம்பற அன்னிக்குத் துறைமுகத்துலேர்ந்து ஒரு வாட்டி கூப்பிட்டான். சாப்ட்டியான்னு கேட்டா, நேத்தே மழை விட்டுடுச்சுங்கறான். என்ன போனோ!"

நானும் சிரித்தேன்.

இங்கே புதிதாக ஒன்றும் இல்லை. ஆஸ்பத்திரி இரண்டாம் மாடியில் அதே சத்தமில்லாத அறை, அதே கண்ணாடி ஜன்னல். உள்ளே ஹெட்போனோடு ஒருவர், வெளியே காது சோதிக்கும் இயந்திரத்தோடு நான். சத்தம் கேட்டால் அவர் பொத்தானை அழுத்த வேண்டும். இந்த வாரம் ஒரு லாரி ஓட்டுநர் வந்தார். உட்கார்ந்ததும் ஐந்து விநாடிக்கு ஒரு தடவை அழுத்திக்கொண்டே இருந்தார். "அண்ணே, நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்ல" என்றேன். "நான் ஆரம்பிச்சுட்டேம்மா" என்றார். டிசம்பரில் கப்பல் சான்றிதழுக்காக நீங்கள் உட்கார்ந்தீர்களே, அதே நாற்காலி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுங்கள், மாமா. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் அன்பு மருமகள்

---

கப்பலில்
மார்ச் 4

அன்பு மருமகளே,

திடகாத்திரமாக இருக்கிறேன். நேற்று நங்கூரத்தை ஒற்றைக் கையால் தூக்கி, அடியில் ஒட்டியிருந்த சேற்றை ஊதிவிட்டு, மறுபடி வைத்தேன். அக்காவின் முழங்காலுக்கு மாடிப்படியைக் காட்டாதே. கப்பல் போனை ஒரு கடற்பூதம் காவல் காக்கிறது. தாண்டிப் போய்ப் பேச எனக்குத் தைரியம் உண்டு, பூதத்துக்குத்தான் இல்லை. கடிதமே போதும்.

பத்து நாள், நிமிடத்துக்கு ஒரு வேட்டு. ஒரு திமிங்கிலம் எழுத்துமூலம் புகார் கொடுத்தது. கையெழுத்து சரியில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டேன். இப்போது காதுகளை மேலே எடுக்கும் வேலை. அதற்கு ஒரு முறை உண்டு. காதுகளைக் கூப்பிடும் பெட்டி புதியது என்றால் கடலடியிலிருந்து வரும் பதிலைத் திரையில் எழுதிக் காட்டும். அது துறைமுகத்திலேயே மூச்சை விட்டுவிட்டதால், என் வயதை ஒட்டிய பழைய பெட்டியோடு வந்திருக்கிறோம். அதில் திரை கிடையாது. முதலில் "இருக்கியா?" என்று ஒரு பொத்தான். கீழே இருப்பது உயிரோடு இருந்தால் நாலு கீச் அனுப்பும்: "இருக்கேன்." அதை ஹெட்போனிலோ ஒலிபெருக்கியிலோ காதால் கேட்ட பிறகுதான் "வா" என்ற பொத்தானைத் தொடலாம். கேட்காமல் "வா" என்று சொல்வது பெருங்குற்றம். நமக்குத் தெரியாமல் மேலே வந்துவிட்டால் அலை அடித்துக்கொண்டு போய்விடும், அப்புறம் கடலையே சலித்தாலும் கிடைக்காது.

ஒன்றிலிருந்து பதினாறு வரை வரிசையாக வந்தன. ஒன்றாம் காது வந்ததும் வராததுமாக, "கீழ ஒரே குளிரு" என்றது. என் பக்கத்தில் எப்போதும், கயிறு சுற்றி இழுக்கும் விஞ்ச் ஓட்டுகிறவர் இருப்பார். எதைக் கேட்டாலும் "ம்" என்பார், அதற்கு மேல் ஒரு எழுத்து கூடப் பேசமாட்டார். பெயரே 'ம்' அண்ணன். எனக்கும் அவருக்கும் அப்படி ஒத்துப்போகிறது.

பதினேழு மட்டும் முறுக்கிக்கொண்டது. அன்றைக்கு 'ம்' அண்ணனுக்குப் பல்வலி, கன்னத்தைப் பிடித்துக்கொண்டு படுத்துவிட்டார். நான் தனியாக நாற்பது தடவை "இருக்கியா?" என்றேன். மூச்சு விடவில்லை. கடல் வேறு பொங்கிக்கொண்டிருந்தது. பதிவேட்டில் "17: பதில் இல்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கணக்கம்மா அதைப் பார்த்துவிட்டு, "நிச்சயமாங்களா?" என்று கேட்டார். "நிச்சயம்" என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சுத்தமான கண்ணாடி அது.

அதன் பாட்டரி மே இருபது வரை. நாங்கள் பீடபூமியின் மறு ஓரத்தை அளந்துவிட்டு மே நடுவில் இந்தப் பக்கமாகத்தான் திரும்புவோம். செத்துப்போன கருவிக்காக யார் கப்பலை நிறுத்துவார்கள்?

போகட்டும். கப்பல் சமையலறைக் கெட்டிலுக்குக் கூட இப்போது மரியாதை வந்துவிட்டது. முன்பெல்லாம் ஊளையிடும், இப்போது வாயைத் திறக்காமல் கொதிக்கிறது. சமையல்காரர்தான் ஓடிவந்து, என்னைத் திட்டிக்கொண்டே அணைக்கிறார்.

இப்படிக்கு,
திமிங்கிலங்களின் குறைதீர்க்கும் அதிகாரி (உன் மாமா)

---

வீட்டிலிருந்து
மார்ச் 11

அன்புள்ள மாமாவுக்கு,

நாங்கள் நலம். நீங்களும் அப்படியே இருக்க வேண்டும்.

அம்மாவுக்குத் திமிங்கிலம் பிடித்திருந்தது. எனக்குச் சில விவரங்கள் வேண்டும். அந்த நாலு கீச் எவ்வளவு மெல்லிய சத்தம்? கருவியின் கையேட்டில் ஒரு எண் இருக்கும், அதைப் பார்த்து எழுதுங்கள். பதினேழைக் கூப்பிட்டபோது உங்களோடு வேறு யாராவது ஹெட்போன் மாட்டியிருந்தார்களா? முதல் பதினாறும் பதில் சொன்னது உங்களுக்கு எப்படித் தெரிந்தது?

கெட்டில் அமைதியாகக் கொதித்தால் சமையல்காரர் ஏன் ஓடிவருகிறார்?

தவறாமல் பதில் எழுதுங்கள்.

உங்கள் அன்பு மருமகள்

---

வீட்டிலிருந்து
மார்ச் 31

அன்புள்ள மாமாவுக்கு,

நலமா? மூன்று வாரமாகக் கடிதம் இல்லை. அம்மா தினமும் கேட்கிறாள். கப்பல் கம்பெனிக்குப் போன் செய்தேன், எல்லோரும் நன்றாக இருக்கிறார்கள் என்றார்கள். எல்லோரிலும் நீங்கள் உண்டு என்று எடுத்துக்கொண்டேன்.

நான் கேட்டதற்குப் பதில் சொல்ல வேண்டாம். அம்மாவுக்காக இரண்டு வரி எழுதுங்கள்.

உங்கள் மருமகள்

---

கப்பலில்
ஏப்ரல் 8

அன்பு மருமகளே,

என் ஆரோக்கியத்தைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால், கப்பல் டாக்டர் என்னைப் பார்த்துப் பொறாமையில் படுத்துவிட்டார். உங்கள் இருவரின் நலத்தையும் கோருகிறேன். உன் மார்ச் மாதக் கடிதத்தை நான் மேல்தளத்தில் படித்துக்கொண்டிருந்தபோது ஓர் ஆக்டோபஸ் எட்டுக் கையையும் நீட்டிப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டது. கேள்விகளுக்கு அது பதில் எழுதும்.

பதினெட்டிலிருந்து முப்பது வரை எல்லாக் காதும் வந்து சேர்ந்தன. 'ம்' அண்ணன் பல்லைப் பிடுங்கிக்கொண்டு மறுநாளே வந்துவிட்டார். நான் பொத்தானை அழுத்துவேன், பெட்டியின் ஒலிபெருக்கிப் பக்கம் அவர் தலையைச் சாய்ப்பார், தாடை இறங்கும், "ம்" என்பார். நான் உடனே "வா" என்பேன். சங்கீதக் கச்சேரி தோற்றது போ.

கணக்கம்மா இருபத்தொன்பது காதுகளின் பதிவையும் ஒன்றாக ஒட்டி, சுவர் நீளத்துக்கு ஒரு படம் போட்டிருக்கிறார். ஓரங்களில் பாறையின் அடி தெளிவாக விழுந்திருக்கிறது. நடுவுக்கு வர வர மங்கி, நட்டநடுவில் வெள்ளையாக ஒரு பட்டை. சாப்பாட்டு மேசையில் அவரே சொன்னார்: "முன்பல்லு போன மாதிரி இருக்கு. இருபதுன்னும் எழுதலாம், முப்பத்தஞ்சுன்னும் எழுதலாம். வரும்போது என்ன சண்டையோ, அதையே கட்டி எடுத்துட்டுப் போறோம்." எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், கொஞ்சம் தாமதமாக.

அக்காவிடம் நான் ஒரு சுற்று பெருத்துவிட்டதாகச் சொல்.

இப்படிக்கு,
ஆக்டோபஸால் வஞ்சிக்கப்பட்ட உன் மாமா

---

வீட்டிலிருந்து
ஏப்ரல் 14

அன்புள்ள மாமாவுக்கு,

நலம். இந்தக் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டவில்லை.

கருவியின் எண்ணை ஆக்டோபஸ் எழுதாததால் நானே தேடிப் பார்த்தேன். அந்த மாதிரிப் பழைய கருவிகள் ஒன்பதாயிரம் ஹெர்ட்ஸுக்குப் பக்கத்தில் கீச்சிடுமாம்; எண் ஏற ஏறச் சத்தம் கீச்சென்று மெலியும். என் இயந்திரத்தில் எட்டாயிரம்தான் உச்சி. உங்களுக்கு ஆறாயிரமே கேட்காது. இது எனக்கு இந்த வாரம் தெரிந்த விஷயம் இல்லை.

கண்ணாடி ஜன்னலுக்கு இந்தப் பக்கம் நான் சத்தம் கொடுக்கும்போது என் வலது தோள் கொஞ்சம் இறங்கும். சேர்ந்த புதிதிலேயே டாக்டர் சொன்னார், "திரும்பி உக்காரும்மா, தோள் பேசுது." அன்றிலிருந்து எல்லோருக்கும் முதுகைக் காட்டித்தான் உட்காருவேன். டிசம்பரில் உங்களுக்கு மட்டும் நேராக உட்கார்ந்தேன். கனமான சத்தங்களுக்குக் கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினீர்கள். மெல்லிய சத்தங்கள் வந்ததும் கண்ணைத் திறந்துகொண்டீர்கள். நாலாயிரம், ஆறாயிரம், எட்டாயிரம் எல்லாவற்றையும் என் தோளைப் பார்த்து அழுத்தினீர்கள். நடுவில் நான் மூக்கைச் சொறிந்தேன். அதற்கும் அழுத்தினீர்கள்.

நான் சிரித்தேன். அப்புறம் கையெழுத்துப் போட்டேன்.

கப்பல் இல்லாவிட்டால் மாமா என்ன செய்வார் என்று நினைத்துப் போட்டது. பாசம் என்று நான் அதற்குப் பெயர் வைக்கவில்லை. ஊருக்கெல்லாம் காதில் பூச்சுற்றுகிறவர் நீங்கள். நாமும் ஒரு பூவை வைத்துவிடுவோம் என்ற தைரியம்தான்.

முதல் பதினாறுக்கும் 'ம்' அண்ணனின் தாடையைப் பார்த்தீர்கள். பதினேழுக்குத் தாடை இல்லை. அது பதில் சொல்லியிருக்கும், மாமா. நாற்பது தடவையும் சொல்லியிருக்கும்.

கணக்கம்மாவிடம் சொல்லுங்கள். மே இருபது வரை நாள் இருக்கிறது.

உங்கள் மருமகள்

---

கப்பலில்
ஏப்ரல் 28

அன்பு மருமகளே,

நலம்தான்.

என் ஐம்பத்தாறு வருஷ வாழ்க்கையில் நான் ஏமாற்றாத ஆளில்லை. கடைசியில் ஒரு மூக்குச் சொறிதலில் மாட்டிக்கொண்டேன்.

எனக்கும் இது தெரியாமல் இல்லை. பத்து வருஷம் காற்று அழுத்தும் இயந்திரத்தின் பக்கத்தில் நின்றவன் நான். முதலில் குருவிகள் போயின, அப்புறம் கைக்கடிகாரம், அப்புறம் மனிதர்கள் பேசுவதில் பாதி எழுத்துகள். மீதிப் பாதியை நானே போட்டுக்கொள்வேன். என் கதைகள் இப்படித்தான் நீளமாயின என்று சொன்னால் நீ நம்பமாட்டாய்.

கணக்கம்மா அறைக் கதவு வரை மூன்று தடவை போனேன். மூன்று தடவையும் திரும்பிவிட்டேன். பயமா என்று கேட்டால், எனக்காக இல்லை. நான் "கேக்கல" என்று சொன்ன அடுத்த நிமிடம் அவர் என்ன கேட்பார்? "காது நல்லா இருக்குன்னு எழுதிக் குடுத்தது யாரு?" காகிதத்தில் உன் பெயர் இருக்கிறது. உத்தியோகத்துக்கு நீ வந்து நாலு வருஷம் ஆகவில்லை. ஒரு கண்ணாடி உருண்டைக்காக உன்னைக் கவிழ்க்க நான் தயாராக இல்லை. பாறை முப்பது கிலோமீட்டரோ முந்நூறோ, இத்தனை கோடி வருஷம் யாருக்கும் சொல்லாமல் கிடந்தது. இன்னும் கொஞ்சம் கிடக்கட்டும்.

காதும் காதும் வைத்த மாதிரி இதை விட்டுவிடு. அக்காவுக்குத் தெரிய வேண்டாம். அடுத்த கடிதத்தில் ஒரு நல்ல சுறாக் கதை எழுதுகிறேன்.

உன் மாமா

---

வீட்டிலிருந்து
மே 6

அன்புள்ள மாமாவுக்கு,

நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அம்மா நலம். நானும் நலம், இடம்தான் மாறியிருக்கிறது.

திங்கட்கிழமை டாக்டரிடம் போய்ச் சொன்னேன். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார், சாப்பிட்டு முடிக்கட்டும் என்று நின்றேன்.

"தப்பான ரிப்போர்ட்டா? எத்தன பேருக்கு?"

"ஒருத்தருக்கு, சார்."

"யாரு?"

"எங்க மாமா."

"மாமா மட்டுந்தானா? சித்தப்பா, பெரியப்பா யாராச்சும் க்யூல நிக்கறாங்களா?"

"இல்ல சார்."

கையைக் கழுவிவிட்டு வந்து அரை மணி நேரம் பேசினார். அதை எழுத வேண்டியதில்லை. நான் போட்ட சான்றிதழ்களை எல்லாம் இன்னொருவர் சரிபார்க்கிறார். அது முடியும்வரை எனக்கு அந்த அறையில் வேலை கிடையாது. கீழே வரிசை எண் கூப்பிடும் மேசையில் உட்கார்த்தியிருக்கிறார்கள். நாற்பத்திரண்டு, நாற்பத்து மூன்று என்று கத்திக்கொண்டிருக்கிறேன். விசாரணையில் என்ன சொல்வார்கள் என்று தெரியாது. மாதக் கடைசியில் உங்கள் கம்பெனிக்கு ஆஸ்பத்திரியிலிருந்து கடிதம் போகும்.

அம்மாவிடமும் சொல்லிவிட்டேன். கேட்டுவிட்டு, "நீ தோளக் காட்டின, அவன் பாத்தான். ரெண்டு பேருக்கும் ஒரே ஜாடைடி" என்றாள். எந்த ஜாடையைச் சொன்னாள் என்று நான் கேட்கவில்லை.

பதினேழைப் பற்றி டாக்டரிடமோ வேறு யாரிடமோ நான் வாயைத் திறக்கவில்லை. என் கையெழுத்து என்னுடையது, நான் போய்ச் சொல்லிவிட்டேன். "பதில் இல்லை" என்பதற்குக் கீழே இருப்பது உங்கள் கையெழுத்து. இனிமேல் நீங்கள் காப்பாற்றுவதற்கு இங்கே ஆள் இல்லை, மாமா.

இன்னும் பதினான்கு நாள்.

உங்கள் அன்பு மருமகள்

---

கப்பலில்
மே 25

அன்பு மருமகளே,

நான் பரம சௌக்கியம். அக்காவின் முழங்காலும் உன் தொண்டையும் எப்படி இருக்கின்றன? எண் கூப்பிடுகிறவர்கள் வெந்நீர் குடிக்க வேண்டும்.

மே பதினான்காம் தேதி காலை ஒன்பது மணிக்கு உன் மாமா கணக்கம்மாவின் அறைக்குள் பிரவேசித்தார். வழிநெடுக மாலுமிகள் இரண்டு வரிசையாக நின்று தொப்பியைக் கழற்றினார்கள். உள்ளே ஒன்றே முக்கால் மணி நேரம் சொற்பொழிவு. அறிவியல், ஒழுக்கம், மூக்கு ஆகிய மூன்று தலைப்புகளையும் தொட்டேன். கணக்கம்மா விட்ட கண்ணீரை ஆறு பம்பு வைத்து இறைத்தார்கள். அந்தச் சத்தத்தில் எழுந்துவந்த கேப்டன், கப்பலைக் காதைப் பிடித்துத் திருப்புவது போல ஒரே திருப்பாகத் திருப்பினார்.

மறுநாள் கடல் தட்டில் ஊற்றிய எண்ணெய் மாதிரி இருந்தது. பதினேழின் தலைக்கு மேலே போய் நின்றோம். நான் கூப்பிட்டதும் அது "இருக்கேன்!" என்று போட்ட சத்தத்தில் சுவரெல்லாம் பெயின்ட் உதிர்ந்தது. மூன்று திமிங்கிலங்கள் காதைப் பொத்திக்கொண்டன. அவற்றுக்குக் கை இல்லாததால் ஒன்றின் காதை ஒன்று பொத்தியது. "வா" என்றேன். முக்கால் மணி நேரத்தில் ஆரஞ்சுத் தொப்பியோடு மேலே வந்தது. சும்மா வரவில்லை, பீடபூமியையும் தலையில் தூக்கிக்கொண்டு வந்தது. திருப்பிப் போட்டு அளந்தோம். மூவாயிரத்து முந்நூறு கிலோமீட்டர் கனம். கணக்கம்மா எதையும் அடக்கமாகச் சொல்கிறவர். இரண்டு பூஜ்யத்தைத் தட்டிவிட்டு, முதல் கணக்குக்கு முப்பத்து மூன்று என்று எழுதியிருக்கிறார். இருபது கட்சிக்காரர் அன்று முழுவதும் சாப்பிடவில்லை. அவர் பங்கையும் 'ம்' அண்ணன் சாப்பிட்டார்.

என் சேவையைப் பாராட்டி, ஹெட்போனிலிருந்து எனக்கு நிரந்தர விடுதலை அளித்து, கரை சேரும்வரை கயிறுகளுக்கும் பெயின்ட் டப்பாக்களுக்கும் சக்கரவர்த்தியாக முடி சூட்டியிருக்கிறார்கள். கரை சேர்ந்ததும் கம்பெனி என்னோடு பேச ஆசைப்படுகிறதாம். எழுதிக் காட்டினால் பேசுவேன் என்று நிபந்தனை போட்டிருக்கிறேன். அதற்கப்புறம் எனக்குக் கப்பல் கிடையாது. கடல் அழுதது, உப்பாக இருக்கிறதே, தெரியவில்லையா?

சான்றிதழைப் பற்றியும் கணக்கம்மா கேட்டார். "எழுதினவ தானாவே போய்ச் சொல்லிட்டாங்க. நாந்தான் லேட்டு" என்றேன்.

இதில் எதையும் நம்பாதே. சொற்பொழிவு கிடையாது, கதவைத் தட்டி, நின்றுகொண்டே, இரண்டு வரி. பம்பு கிடையாது, திமிங்கிலம் கிடையாது. பெயின்டை நான்தான் சுரண்டினேன். பதினேழு வந்தது நிஜம், முப்பத்து மூன்றும் நிஜம். நடந்ததில் ஒரு சின்னத் துண்டை மட்டும் உனக்கு அப்படியே தருகிறேன்.

கணக்கம்மா ஹெட்போனைத் தன் தலையில் மாட்டிக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டார். நான் "இருக்கியா?"வை அழுத்தினேன். மூன்று விநாடி ஒன்றும் இல்லை. அப்புறம் கண்ணைத் திறக்காமலே, எனக்குத் தெரியும்படி கையைத் தூக்கி ஒரு விரலை நீட்டினார். இரண்டாவது விரல். மூன்றாவது. நாலாவது.

உன் மாமா